தம்பி, இனி சாய்க்காதே

“என் ஸ்ப்ளெண்டருக்கே பின்னாடி ரெண்டு சக்கரம் மாட்டிட்டா போதும்லாக்கா? ஓட்டத் தெரியாதவனா நான்?” என்று நேற்று போனில் கேட்டாய்.

ஓட்டத் தெரியும் என்பதுதான்டா சிக்கல். பன்னிரண்டு வருடம் இரண்டு சக்கரத்தில் பறந்தவன் நீ. எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. இரண்டு வயதில் போலியோ வந்து என் வலது காலை வாங்கிக்கொண்டு போய்விட்டது. நான் முதன்முதலில் ஓட்டிய வண்டியே சைடு வீல் மாட்டிய ஸ்கூட்டர். பத்தொன்பது வருடமாக ஆபீஸ், ரேஷன் கடை, கல்யாண வீடு, துஷ்டி வீடு எல்லாம் அதில்தான். எனக்குக் கற்றுக்கொள்கிற வேலை மட்டும்தான் இருந்தது. உனக்குப் பழையதை மறக்கிற வேலையும் சேர்ந்திருக்கிறது.

நான் பாதி சொல்வதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன். முழங்காலுக்குக் கீழே காலைக் கொடுத்துவிட்டு “இனி வண்டி ஓட்டவே முடியாதோ” என்று உட்கார்ந்திருக்கிற மற்ற தம்பி தங்கைகளுக்கும் ஆகும்.

ஸ்ப்ளெண்டரை மச்சானுக்குக் கொடு

முதலில் அந்த பைக் ஆசையை விடு. அதில் கியர் இடது காலில், பின் பிரேக் வலது காலில். உனக்குப் போனது இடது கால். செயற்கைக் காலில் கணுக்கால் மடங்காது; கியரை மேலே தூக்கும்போது பாதம் லீவருக்கு அடியில் போயிருக்கிறதா, வெளியே நிற்கிறதா என்றே தெரியாது. குனிந்து பார்த்துத்தான் கியர் மாற்ற வேண்டும். கையால் போடுகிற மாதிரி கியர் கம்பியை மேலே நீட்டிக் கொடுக்கிற பட்டறைகள் உண்டு. ஆனால் கிளட்ச் பிடிக்கிற அதே இடது கையால் கியரையும் போட வேண்டும். பாளையங்கோட்டை மார்க்கெட் நெரிசலில் பத்து நிமிடம் போய்விட்டு வந்து என்னிடம் சொல், பார்ப்போம்.

கியர் இல்லாத ஸ்கூட்டர்தான் நமக்குச் சரி. இரண்டு பிரேக்கும் கையிலேயே இருக்கும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான வண்டிகளில் பெரும்பாலும் ‘கோம்பி பிரேக்’ இருக்கும். இடது லீவரைப் பிடித்தால் முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். சைடு வீல் மாட்டி எடை கூடின வண்டிக்கு இது பெரிய உதவி. மாட்டுகிற சக்கரங்களில் பொதுவாகப் பிரேக் இருக்காது. சும்மா உருள்கிற சக்கரங்கள் அவை. வண்டியை நிறுத்துவது பழைய இரண்டு சக்கரங்கள் மட்டுமே. அதனால் பைக்கில் எந்த இடத்தில் பிரேக் பிடிப்பாயோ அதற்கு முன்னாலேயே பிடிக்கப் பழகு.

எந்த ஸ்கூட்டர் என்று கேட்டால் ஷோரூம்காரன் மைலேஜும் கலரும் சொல்வான். நீ போய் பெட்ரோல் மூடி எங்கே இருக்கிறது என்று பார். சீட்டைத் தூக்கி ஊற்றுகிற வண்டி என்றால் பங்கில் ஒவ்வொரு முறையும் இறங்க வேண்டும். பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்க, நீ ஊன்றுகோலைத் தேடிக்கொண்டு நிற்பாய். ஜூபிடரிலும் ஆக்டிவா 6ஜியிலும் மூடி வெளியே இருக்கும், உட்கார்ந்தபடியே போடலாம். என் முதல் வண்டியில் அந்த வசதி இல்லை. நயினார்குளம் பக்கம் ஒரே ஒரு பங்க்கில் வேலை பார்த்த அக்கா என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கைகொடுப்பாள் என்பதற்காக, சுற்றிக்கொண்டு அங்கேதான் போவேன்.

அடுத்து ரிவர்ஸ். பைக்கை உட்கார்ந்தபடி காலால் உந்திப் பின்னால் எடுப்பாயே, அது இனி நடக்காது. வண்டி கனம், உந்தக் காலும் இல்லை. ஏதர் 450, டிவிஎஸ் ஐக்யூப் மாதிரி மின்சார ஸ்கூட்டர்களில் பின்னால் போகிற வசதி கம்பெனியே வைத்திருக்கிறது. பெட்ரோல் வண்டிக்கு ரிவர்ஸ் மாட்டித் தருகிற பட்டறைகளும் உண்டு. முடிந்தால் சேர்த்தே மாட்டிவிடு. மின்சார வண்டி என்றால் பக்கச் சக்கரங்களைத் தாங்குகிற சட்டத்தை எந்த இடத்தில் முடுக்கப் போகிறார்கள் என்று முதலில் கேள். கால் வைக்கிற பலகைக்கு அடியில் பேட்டரி இருக்கிற வண்டியில் டிரில் போட விடவே விடாதே.

பட்டறையில் வாயைத் திற

ஊரில் மூணு சக்கர வண்டி என்று சொல்கிறோமே தவிர, எண்ணிப் பார்த்தால் நாலு சக்கரம் தரையில் இருக்கும். முன்னால் ஒன்று, பின்னால் நடுவில் பழைய சக்கரம், அதற்கு இரு பக்கமும் ஒவ்வொன்று. இழுப்பது நடுச் சக்கரம்தான். நிஜமான மூன்று சக்கர வண்டி வேறு. அதில் பின் சக்கரத்தையே எடுத்துவிட்டு, ஆட்டோவுக்கு இருப்பது போல அச்சும் டிஃபரன்ஷியலும் வைக்க வேண்டும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டியிருக்கிறதே, இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் ஒன்று தேய்த்துக்கொண்டே வரும். அதைச் சரிக்கட்டத்தான் டிஃபரன்ஷியல். சைடு வீலில் அந்தத் தொல்லை இல்லை. அததன் பாட்டுக்குச் சுற்றும். செலவும் குறைவு, பின்னால் கழற்றவும் முடியும்.

யூடியூபில் நீ பார்த்து அனுப்பினாயே, முன்னால் இரண்டு சக்கரம் வைத்து வளைவில் சாய்ந்து போகிற வண்டி, அது வேறு சாதி. பியாஜியோ எம்பி3 என்று 2006இல் இத்தாலிக்காரர்கள் கொண்டுவந்தார்கள். யமஹா 2014இல் ட்ரைசிட்டி என்று ஒன்று விட்டது. அந்த முன்பக்க அமைப்பு நம்மூர் லேத் பட்டறையில் செய்கிற வேலை இல்லை. “நான் செஞ்சு தாரேன்” என்று எவனாவது சொன்னால் டீ குடித்துவிட்டு வந்துவிடு.

என் முதல் வண்டிக்குச் சக்கரம் மாட்டிய பட்டறையில் சட்டத்தை வண்டியின் சேசிஸோடு வெல்டிங் வைத்துவிட்டார்கள். “ஆயுசுக்கும் அசையாது” என்றார்கள். அசையத்தான் இல்லை. எட்டு மாதத்தில் வெல்டிங்கை ஒட்டி மயிரிழை மாதிரி விரிசல் விட்டது. பஞ்சர் ஒட்ட வந்த பையன் கண்ணில் பட்டதால் தப்பினேன். சேசிஸ் குழாய் மெல்லிசு. சூடு வைத்த இடத்துக்குப் பக்கத்தில் பலம் குறைந்துவிடும். போல்ட், கிளாம்ப் போட்டு முடுக்குகிற சட்டமாகப் பார்த்து வாங்கு. பக்கச் சக்கரங்களுக்குத் தனியாக ஷாக் அப்சார்பர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரோட்டில் ஒரு பக்கம் கல் ஏறினால் மொத்த வண்டியும் சரியும். நடுச் சக்கரம் பஞ்சரானால் அதைக் கழற்ற எத்தனை போல்ட் அவிழ்க்க வேண்டும் என்றும் கேட்டு வை. சில சட்டங்களில் பாதி வண்டியைப் பிரித்தால்தான் சக்கரம் கைக்கு வரும்.

வண்டியை எடுக்கும்முன் மூன்று சோதனை. செலவு ஒரு பழைய பேப்பர், கொஞ்சம் நூல், ஒரு நெயில் பாலிஷ்.

சமதரையில் நிறுத்தி, நீ ஏறி உட்கார்ந்துகொள். ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் பேப்பர் துண்டு ஒன்றைச் செருகச் சொல்லி இழுக்கச் சொல். நடுச் சக்கரத்துக்கு அடியில் இருக்கிற பேப்பர் கிழிய வேண்டும். லேசாக உருவிக்கொண்டு வந்தால், பக்கச் சக்கரங்கள் வண்டியைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன என்று அர்த்தம். அப்படி இருந்தால் பின் பிரேக்கும் வேலை செய்யாது, மேட்டில் வண்டியும் ஏறாது. உட்காராமல் இந்தச் சோதனையைச் செய்தால் பிரயோஜனம் இல்லை. உன் எடையில்தான் ஷாக் அமுங்கும்.

அடுத்து, கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற மாதிரி பக்கச் சக்கரத்தின் ஓரமாக நூலை முன்வரைக்கும் இழுத்துப் பிடி. இரண்டு பக்கமும் முன் சக்கரத்திலிருந்து ஒரே தூரத்தில் நூல் போக வேண்டும். கோணலாக இருந்தால் டயரின் ஒரு ஓரம் மட்டும் அழிரப்பர் மாதிரி தேயும், வண்டியும் ஒரு பக்கமாக இழுக்கும்.

நெயில் பாலிஷ் என் கண்டுபிடிப்பு. நட்டை முடுக்கியதும், நட்டிலிருந்து சட்டம் வரை ஒரே கோடாகச் சிவப்பில் இழுத்துவிடு. வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார். கோடு உடைந்து விலகியிருந்தால் நட்டு கழல ஆரம்பித்துவிட்டது. புதுச் சட்டத்தில் முதல் வாரமே ஒருமுறை எல்லா நட்டையும் மறுபடி முடுக்கச் சொல்.

சாய்ந்தால் கவிழும்

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன்.

பைக்கை நீ ஹேண்டில்பாரால் திருப்பியதே இல்லை, தெரியுமா? சாய்த்துத் திருப்பினாய். வேகத்தில் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுவாய், வண்டி இடப்பக்கம் சாயும், சாய்ந்ததும் திரும்பும். யோசிக்காமலே கை செய்துவிடும். சைடு வீல் வண்டி சாயாது. அதே பழக்கத்தில் இடது கைப்பிடியை முன்னால் தள்ளினாயானால் சக்கரம் வலப்பக்கம் திரும்பும். நீ நினைத்ததற்கு நேர் எதிரே, வருகிற பஸ்ஸைப் பார்த்து! இதில் இடப்பக்கம் போக இடது கையை உன்னை நோக்கி இழுக்க வேண்டும், வலது கையைத் தள்ள வேண்டும். சின்ன வயதில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டினோமே, அது மாதிரி. அந்தப் புத்தி திரும்ப வர எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது, எனக்கு அது போனதே இல்லை. ஆனால் உன்னை மாதிரி பைக்கிலிருந்து வந்த இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேரும் முதல் நாள் நேராக வேலியில்தான் போய் நின்றார்கள்.

அடுத்தது, வளைவில் உன் உடம்பு. வண்டி சாயாததால் வெளிப்பக்கம் தூக்கி எறியப் பார்க்கும். நீதான் இடுப்புக்கு மேலே உள்பக்கமாகச் சாய்ந்து கொடுக்க வேண்டும். இடப்பக்க வளைவு என்றால் இடது தோளை இறக்கு. பழைய புல்லட்டில் சைடுகார் வைத்து ஓட்டியவர்களுக்கு இது தெரியும்.

கவிழ்வதற்கான காரணத்தையும் தெரிந்துகொள். முன் சக்கரத்தையும் இரண்டு பக்கச் சக்கரங்களையும் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் முக்கோணம். கூர்முனை முன்னால். உன் எடை முக்கோணத்துக்குள் இருக்கிற வரை ஒன்றும் ஆகாது. பின்பக்கம் அகலம், இடம் நிறைய இருக்கிறது. வளைவில் போய்க்கொண்டிருக்கும்போது பிரேக்கைப் பிடித்தால் எடை முன்னால், கூர்முனைப் பக்கம் ஓடும். அங்கே இடமே இல்லை. வெளிப்பக்கம் தள்ளுகிற விசையும் சேர்ந்துகொண்டால் ஒரு பக்கச் சக்கரம் மெல்ல மேலே எழும். நான் ஒருமுறை கவிழ்ந்தது இப்படித்தான், வேகத்தில் கூட இல்லை. இருபதில் போய்க்கொண்டிருந்தேன், வளைவின் நடுவில் ஆடு குறுக்கே வந்தது, பிடித்தேன். வண்டி மெதுவாக, மரியாதையாக, என்னைத் தரையில் வைத்துவிட்டு மேலே படுத்துக்கொண்டது. ஆடு நின்று பார்த்துவிட்டுத்தான் போனது.

ஆகவே பிரேக்கெல்லாம் வளைவுக்கு முன்னால், நேராகப் போகும்போதே. வளைவுக்குள் நுழைந்தபின் ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகப் பிடித்தபடி உருண்டு வெளியே வா. மேம்பாலத்தில் இறங்கும்போது இன்னும் கவனம். இறக்கம், வளைவு, பிரேக் மூன்றும் ஒன்றாகச் சேரக் கூடாது.

காலைக் கீழே வைக்காதே

இதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் நீ கண்டிப்பாகச் செய்வாய். சிக்னல் வந்தால் உன் வலது கால் தானாகக் கீழே போகும். பைக்கில் அதுதான் சரி. இதில் உன் குதிகாலுக்குப் பின்னாலேயே ஒரு சக்கரம் உருண்டு வந்துகொண்டிருக்கிறது. வண்டி முழுவதும் நிற்பதற்குள் காலை வைத்தால் அந்தச் சக்கரம் பாதத்தின் மேல் ஏறும். ஒரு கால்தான் மிச்சம் இருக்கிறது, அதையும் உன் வண்டியே நசுக்க வேண்டாம். இந்த வண்டிக்கு நிற்க உன் கால் தேவையில்லை. நிறுத்து, உட்கார்ந்திரு, பக்கத்து பைக்காரன் ஒற்றைக் காலில் தள்ளாடுவதை வேடிக்கை பார்.

செயற்கைக் கால் பலகையிலிருந்து வழுக்கி இறங்கினாலும் உனக்குத் தெரியாது. ஸ்பீடு பிரேக்கரில் குலுங்கும்போது அப்படி நடக்கும். ஓரம் சற்று உயர்ந்த, சொரசொரப்பான ரப்பர் விரிப்பைப் போட்டு ஒட்டு. கயிறோ பெல்ட்டோ போட்டுக் காலை வண்டியோடு கட்டாதே. விழுந்தால் வண்டி உன்னை இழுத்துக்கொண்டு போகும். சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவர்கள் இதைப் படித்தால், சைலன்சர் பக்கமும் கவனம் வையுங்கள். சூடு பட்டுக் கொப்புளம் வந்தபிறகுதான் தெரியவரும்.

கோலப்பொடி

பைக்குக்கு ரோட்டில் ஒரு தடம் போதும். இனி உனக்கு மூன்று தடம். குழியை இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் நடுவில் விட்டுத் தாண்டலாம் என்று நினைத்தால் அங்கே நடுச் சக்கரம் இருக்கிறது. அதைத் தப்பிக்கவைத்தால் பக்கச் சக்கரம் விழும். உன் சக்கரம் எங்கே போகிறது என்று கண்ணுக்குப் பழக ஒரு வழி சொல்கிறேன். வாசலில் கோலப்பொடியை அகலமாகத் தூவச் சொல். அதன் மேல் நேராக ஒருமுறை, வளைத்து ஒருமுறை ஓட்டு. இறங்கி, தடத்தைப் பார். வளைத்த இடத்தில் உள்பக்கச் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் போகாமல் உள்ளே வெட்டிக்கொண்டு போயிருக்கும். லாரி திரும்பும்போது பின் சக்கரம் ஓரத்தை ஏறுவதும் இதனால்தான். தெரு முனையில் நீ சுவரை ஒட்டித் திரும்பினால் முன் சக்கரம் தப்பும், பக்கச் சக்கரம் வாசல்படியில் ஏறும், வண்டி கவிழும். தள்ளிப் போய், சதுரமாகத் திரும்பு.

அகலத்தை டேப் வைத்து அளந்து, அந்த அளவுக்கு ஒரு குச்சியை வெட்டி வைத்துக்கொள். வீட்டு கேட், ஆபீஸ் சாய்தளம், மாமியார் வீட்டுச் சந்து எல்லாவற்றையும் அந்தக் குச்சியால் அளந்துவிடு. உன் வீட்டு கேட் இரண்டு கதவையும் திறந்தால்தான் நுழையும் என்று நினைக்கிறேன். இருட்டில் பின்னால் வருகிறவனுக்கு உன் பின்விளக்கு ஒன்றுதான் தெரியும். பைக் என்று நினைத்து ஒட்டி வருவான். இரண்டு பக்க மட்கார்டிலும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டு, இண்டிகேட்டரையும் மட்கார்டுக்கு வெளியே தெரிகிற மாதிரி மாற்றச் சொல்.

நம் ரோடுகள் தண்ணீர் வடிய நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். பைக்குக்கு அது தெரியவே தெரியாது. இந்த வண்டி சரிவோடு சேர்ந்து சரியும், இடப்பக்கம் இழுத்துக்கொண்டே போகும். அரை மணி நேரத்தில் கை வலிக்கும். பயந்து ஓரமாகவே போகாதே. உன் பக்கத்து நடுவில் போ, அங்கே சமமாக இருக்கும். ஸ்பீடு பிரேக்கரைக் குறுக்காகக் கடக்காதே, நேராக ஏறி நேராக இறங்கு. பள்ளத்தில் பக்கச் சக்கரம் இரண்டும் மேட்டில் மாட்டிக்கொண்டு நடுச் சக்கரம் அந்தரத்தில் சும்மா சுற்றினால் முறுக்காதே. வண்டி நகராது. யாரையாவது கூப்பிட்டு ஒரு சாண் தள்ளச் சொல். தள்ளச் சொல்லக் கூச்சப்பட்டால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். நம்மூரில் கூப்பிட்டால் வருவார்கள். கூப்பிடாவிட்டாலும் நாலு பேர் வந்து ஆளுக்கொரு பக்கம் தள்ளுவார்கள், அவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி பக்கம் காற்று பைக்கை நகர்த்துமே, அங்கே மட்டும் நீ ராஜா.

நிறுத்தும்போது ஒரு விஷயம். ஸ்டாண்டு போடாமலே நிற்கிறது என்று இறங்கிப் போய்விடாதே, சரிவு இருந்தால் உருண்டுவிடும். பிரேக் லீவரைப் பிடித்தபடி நிறுத்துகிற லாக் சில வண்டிகளில் இருக்கும். இல்லையென்றால் ஒரு ரப்பர் பட்டையை லீவரில் மாட்டி இழுத்துவிடு, சக்கரத்துக்கு ஒரு மரத்துண்டும் வை. எப்போதும் வெளியே பார்த்த மாதிரி நிறுத்து.

கேஸ் சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதைப் பக்கச் சட்டத்தில் ஒரு பக்கமாகத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த எடையானாலும் தாழ்வாக, நடுவில். தங்கைகளுக்கு ஒன்று: துப்பட்டாவும் முந்தானையும் இப்போது மூன்று சக்கரத்தில் சிக்கலாம். சுருட்டி இடுப்பில் செருகிவிட்டு ஏறுங்கள்.

செல்லாத வண்டி

என் பழைய லைசென்ஸில் வண்டி வகை ‘இன்வேலிட் கேரேஜ்’ என்று இருந்தது. சட்டத்தில் அப்போது அதுதான் பெயர். உடல் இயலாதவருக்கான வண்டி என்பது பொருள். அதை வாங்கிப் பார்த்த அப்பா, “செல்லாத வண்டியாம்லா!” என்று சிரித்தார். செல்லாத வண்டி பத்தொன்பது வருடமாகச் சென்றுகொண்டிருக்கிறது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது அந்தப் பெயரை எடுத்துவிட்டு, மாற்றியமைத்த வாகனம் என்று வைத்தார்கள்.

சும்மா பட்டறைக்குப் போய் மாட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைக்காதே. ஆர்.சி. புக்கில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. மாற்றுத்திறனாளிக்காக மாற்றலாம், ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். மாட்டுவதற்கு முன்பே போய், எந்த மாதிரி சக்கரச் சட்டத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்று கேட்டுவிடு. உன் அடையாள அட்டையையும், ஒன்றிய அரசின் தனித்துவ அட்டையையும் கையோடு கொண்டு போ. மாற்றுத்திறனாளி பெயரில் பதிவாகிற வண்டிக்குச் சாலை வரி விலக்கும் கேள். மாட்டுகிற சட்டத்துக்குப் பில் போடச் சொல். மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கு மாட்டுகிற உபகரணத்துக்கான ஜி.எஸ்.டி.யை 2021 செப்டம்பரில் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். “பில் இல்லாம முடிச்சுக்கலாம்” என்பவனிடம் மாட்டினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்ட ஒன்றும் இருக்காது.

உன் பழைய லைசென்ஸ் கியர் பைக்குக்கானது. மாற்றியமைத்த வாகனத்துக்குத் தனி வகை, அதைச் சேர்க்க வேண்டும். டாக்டர் சான்றிதழ், எல்.எல்.ஆர்., முப்பது நாள் கழித்து உன் வண்டியிலேயே பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்டுதல். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடு. சொல்லாமல் மாற்றிய வண்டிக்கு விபத்தானால் பணம் தர மறுக்க அவர்களுக்கு அதுவே காரணமாகிவிடும். சொந்தச் சேதப் பகுதி பிரீமியத்தில் சலுகை உண்டா என்று அப்படியே விசாரி.

காசு இல்லையே என்றால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டருக்கு மனுக் கொடு. கால் பாதிக்கப்பட்டவர்களில் தகுதி உள்ளவர்களுக்கு அரசு இலவசமாகவே கொடுக்கிறது, உன் பாதிப்புக்குக் கிடைக்குமா என்று அங்கேயே கேள். வரிசை நீளம்தான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளிலும் ஒரு மனுவைப் போட்டு வை. அந்த வண்டி வந்தாலும் நான் சொன்ன பேப்பர், நூல், நெயில் பாலிஷ் எல்லாவற்றையும் செய்.

நம் பெரியப்பா “எனக்கும் பேலன்ஸ் தட்டுது, ரெண்டு சக்கரம் மாட்டித் தரச் சொல்லு” என்றாராம். வயதாவது மட்டும் இதற்குப் போதாது. சட்டம் தளர்த்தியிருப்பது மாற்றுத்திறனாளிகளுக்குத்தான். சான்று கிடைக்கிற அளவுக்கு மூட்டோ நரம்போ பாதித்திருந்தால் டாக்டரிடம் போகட்டும். இல்லாவிட்டால் ஆட்டோவில் போகட்டும். உன் வண்டியை அவருக்கு மட்டுமல்ல, மச்சானுக்கும் கொடுக்காதே. அது உனக்கான வண்டி என்றுதான் பதிவாகும். அவனும் பைக்காரன், முதல் வளைவிலேயே சாய்ப்பான்.

எல்.எல்.ஆர். போட்டு, உன் வண்டியும் வந்ததும் சொல், அதிலேயே பழகிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி, வ.உ.சி. மைதானத்துப் பக்கம் கூட்டம் சேர்வதற்கு முன்னால் ஒதுக்குப்புறமாக ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ‘எல்’ போர்டை நான் வாங்கி வைக்கிறேன், நடக்கிற வேகத்தில் எட்டுப் போடுவதுதான் முதல் பாடம். ஹெல்மெட் எடுத்துக்கொண்டு வா. அம்மாவிடம் சொல்லாதே, அவளும் ஏறிக்கொள்வேன் என்பாள்.